பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வால்வு ரேடியோவுக்கு இப்போது நல்ல கிராக்கி. வாங்கிப் போகிறவர்கள் பலருக்கு மரப்பெட்டி போதும். உள்ளே இருக்கும் சேஸிஸைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு ஒரு புளூடூத் போர்டு வைக்கிறார்கள், டயலுக்குப் பின்னால் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டுகிறார்கள். கேட்டால் புதுப்பித்துவிட்டோம் என்கிறார்கள். கோட்டைப்பட்டினத்தில் என் பட்டறைக்கும் இதைக் கேட்டு வருகிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. பிழைக்கத் தெரியாத ஆள் என்று பேர் வாங்கியாயிற்று.

எங்கள் கரையில் இந்தப் பெட்டிகள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. கொழும்பு, மலேயா, சிங்கப்பூர் போன சபராளிகள் கப்பலில் கொண்டுவந்தவையும் உண்டு; இங்கே வாங்கிய மர்ஃபி, புஷ் செட்டுகளும் உண்டு. தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டி வைத்திருந்தார்கள். திருச்சி வானொலி 1939-லேயே வந்துவிட்டது. ஆனால் 1952-க்குப் பிறகு, அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. 1957-ல் விவித பாரதி வருவதற்குள் ஜனங்கள் சிலோன் பக்கம் முள்ளைத் திருப்பியிருந்தார்கள். அந்த வானொலியின் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன் குரலும் பிற்பாடு அப்துல் ஹமீத் குரலும் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் குரல். அதற்கு விஞ்ஞானக் காரணமும் இருக்கிறது: உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மீடியம் வேவ் அலை தரையைவிடக் கடல்மேல் வலுக் குறையாமல் வெகுதூரம் போகும்.

அதே உப்புதான் செட்டுக்கு எமன். பேண்ட் சுவிட்சில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். டயல் நூல் அறுந்த செட்டில் வீட்டுக்காரரே தங்கூசி போட்டுக் கட்டியிருப்பார். அது வழுக்கும், பின்னிய நூல்தான் பிடிக்கும். இவையெல்லாம் சில்லறை வேலை. நான் முதலில் பார்ப்பது அவுட்புட் வால்வின் கிரிடுக்குப் போகும் பேப்பர் கண்டென்சரை. வயதானால் அது கசியும். கசிந்தால் கிரிடில் பாசிட்டிவ் ஏறி, இ.எல். 84 வால்வின் பிளேட் செக்கச் சிவந்து, கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரியும். சில ரூபாய் கண்டென்சரை மாற்றினால் தப்பிக்கிற செட்டைத்தான் ‘செத்துப்போச்சு’ என்று கழற்றி எறிகிறார்கள். வால்வு கிடைக்காது என்பதும் பாதிதான் உண்மை. இ.எல். 84-ஐ கிதார் ஆம்பிளிபயருக்காக ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இன்னும் செய்கிறார்கள். இ.சி.ஹெச். 81-க்குத்தான் பழைய சரக்கைத் தேட வேண்டும்.

மீடியம் வேவில் இப்போது கேட்க என்ன இருக்கிறது என்பார்கள். நியாயமான கேள்வி. ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. மிச்சமிருப்பதையும் செல்போன் சார்ஜரும் எல்.இ.டி. பல்பும் போடும் இரைச்சல் அமுக்கிவிடுகிறது. ஆனால் செட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான செட்டுகளில் ‘பிக்கப்’ என்று இரண்டு துளை இருக்கும், ரெக்கார்ட் பிளேயருக்காக வைத்தது. மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டானால் புளூடூத் ரிசீவரை வெளியே வைத்து, அந்தத் துளையில் ஒயர் கொடுத்தால் போதும். பாட்டு அதே வால்வு வழியாக, அதே ஸ்பீக்கரில் வரும். ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட வேண்டியதில்லை. இவ்வளவு சுளுவான வழி இருக்கும்போது வயிற்றைக் கிழிப்பது வெறும் சோம்பேறித்தனம்.

உங்கள் வீட்டுப் பரணில் செட் இருந்தால் பெட்டியையும் சேஸிஸையும் பிரித்து விற்காதீர்கள். ஓடுகிறதா பார்ப்போம் என்று நேராகப் பிளக்கில் செருகவும் வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி செட்டாக இருந்தால் பின்பலகையைக் கழற்றவோ பிக்கப்பில் ஒயர் செருகவோ கூடாது. அதில் சேஸிஸிலேயே கரண்ட் இருக்கும்.