வரையறைக்கு முன் வெங்காயம்

இரண்டு ரெக்கார்டு நோட்டுகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. செய்முறைத் தேர்வு ஒன்றுக்குப் புறத்தேர்வாளராகப் போன இடத்தில் பார்த்தவை. வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டிய பக்கம். முதல் மாணவியின் படம் அச்சடித்தது போல இருந்தது: செல் சுவர், சவ்வு, உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, பச்சைப் பென்சிலில் நான்கு பசுங்கணிகங்கள். முழு மதிப்பெண். இரண்டாமவள் வரைந்திருந்தது செங்கல் அடுக்கியது போன்ற நீளக் கட்டங்கள். ஓரமாக ஒதுங்கிய உட்கரு. அதுவும் எல்லாக் கட்டத்திலும் இல்லை. நடுவில் வெறுமை. அதன் மேல் சிவப்பு மையில், ‘பாகங்கள் முழுமையாக இல்லை.’

முதல் மாணவியிடம், “இந்தப் பச்சையை எங்கேம்மா பார்த்தே?” என்று கேட்டேன். “புக்ல இருக்கு சார்” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லித்தந்தது அதுதான். வெங்காயத்தின் உள்தோல் செல்லில் பசுங்கணிகம் கிடையாது. மைட்டோகாண்ட்ரியா உண்டு, ஆனால் அயோடின் சாயமிட்டுப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தால் அதை அடையாளம் காண முடியாது. இரண்டாவது பிள்ளை கண்ணில் பட்டதை மட்டும் வரைந்தாள். அவள் நடுவில் விட்டிருந்த வெறுமைதான் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிய பெரிய நுண்குமிழ். சரியாகப் பார்த்ததற்கு அவளுக்குக் கிடைத்தது குறைந்த மதிப்பெண்.

உயிரினங்கள் எல்லாம் செல்களால் ஆனவை. செல்லே உயிரின் அடிப்படை அலகு. ஏற்கெனவே உள்ள செல்லிலிருந்தே புதிய செல் தோன்றுகிறது. இந்த மூன்று வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் நம்மில் பலர் பாடத்தைத் தொடங்குகிறோம். அடுத்து படம். நுண்ணோக்கி கடைசியில், அதுவும் நேரம் இருந்தால். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதே நான் வைக்கும் வேண்டுகோள். முதல் வகுப்பு வெங்காயத்தோடு தொடங்கட்டும். ‘செல்’ என்ற சொல்லைக்கூட அன்று சொல்ல வேண்டியதில்லை.

உள்செதில் ஒன்றை ஒடித்தால் குழிந்த பக்கத்தில் கண்ணாடிக் காகிதம் போன்ற தோல் உரிந்து வரும். ஒரு சொட்டு நீரில் மடிப்பில்லாமல் விரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, கவர்ஸ்லிப்பை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்க வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். கறுப்பாகத் தடித்த வளையத்துக்குள் ஒன்றுமே இல்லாத அந்த வட்டத்தைத்தான் பாதி வகுப்பு ‘செல்’ என்று வரைந்து கொண்டுவரும். அதை அடித்துவிடாதீர்கள். இது குமிழ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள். கவர்ஸ்லிப்பை மெல்ல அழுத்தினால் குமிழ் நகரும், வடிவம் மாறும். செல்லின் சுவர் அப்படிக் குழையாது. இதைத் தானாகக் கண்டுபிடித்த மாணவன் அன்றைக்கு நுண்ணோக்கியில் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அடுத்தது அளவு. நம் பாடங்களில் பெரிதும் விடுபட்டுப் போவது இதுதான். இராபர்ட் ஹூக் 1665-இல் தக்கைச் சீவலில் சிறு அறைகளைக் கண்டு ‘செல்’ எனப் பெயரிட்டார் என்று எல்லாரும் சொல்கிறோம். அவர் அவற்றை எண்ணினார் என்பதைச் சொல்வதில்லை. ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கில் 60 அறைகள். அப்படியானால் ஓர் அங்குலத்துக்கு 1080. ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். நம் மாணவர்கள் இந்தப் பெருக்கலைத் தாங்களே போட்டுச் சரிபார்க்கலாம். விடை அவ்வளவும் சரியாக வரும்.

ஹூக் செய்ததை நாமும் செய்ய முடியும். 10 மடங்கு பொருளருகு வில்லையை வைத்து, ஸ்லைடுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பார்வை வட்டத்தின் விட்டம் பெரும்பாலான பள்ளி நுண்ணோக்கிகளில் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அந்த வட்டத்துக்குள் வெங்காயச் செல்கள் நீளவாக்கில் எத்தனை என்று எண்ணி வகுத்தால் ஒரு செல்லின் நீளம். ஆறு செல் என்றால் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர்.

இந்த எண் கைக்கு வந்த பிறகே செல் வகைகளுக்குப் போக வேண்டும். தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீரில் ஒரு சொட்டை ஸ்லைடில் தடவி உலர்த்தி, சுடரின் மேல் இரண்டு மூன்று முறை காட்டி, மெத்திலின் நீலம் இட்டு ஒரு நிமிடம் கழித்துக் கழுவுங்கள். 40 மடங்கு வில்லையில் நீலப் புள்ளிகளும் சங்கிலிகளும் குட்டைக் கோல்களும் தெரியும். இதே வில்லையில் ஒரே ஒரு வெங்காயச் செல் நீளவாக்கில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் பார்வை வட்டத்தில் இப்போது புள்ளி புள்ளியாக ஒரு கூட்டம். வகுப்பில் யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார்: “இதுல நியூக்ளியஸ் எங்க சார்?” புரோகேரியோட்டிக் செல்லைச் சொல்லித்தர அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மரபுப்பொருள் உண்டு, அதைச் சுற்றிச் சவ்வுதான் இல்லை.

கணக்குக்காக அந்த வெங்காயச் செல்லை 9 மீட்டர் நீள வகுப்பறையாகப் பெரிதாக்கிக்கொள்வோம். அதே கணக்கில் 0.06 மில்லிமீட்டர் அகலமுள்ள நம் கன்ன உட்புறச் செல் ஆசிரியரின் மேசை அளவு. தயிரில் உள்ள 3 மைக்ரோமீட்டர் கோல் பாக்டீரியா ஒரு முழுச் சாக்பீஸ். கொரோனா வைரஸ் ஒரு கொத்தமல்லி விதை.

இங்கே ஒரு தவறைச் சுட்டிக்காட்டியே ஆக வேண்டும். தாவரச் செல்லுக்கும் விலங்குச் செல்லுக்கும் வேறுபாடு கேட்டால் பிள்ளைகள் அட்டவணையை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அந்த அட்டவணை அவ்வளவு முறை வந்து வந்து, உயிருலகின் பெரும்பிளவே அதுதான் என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. பாக்டீரியா, தாவரம், விலங்கு எனச் செல் மூன்று வகை என்று பதினோராம் வகுப்பிலும் எழுதுகிறார்கள். வெங்காயமும் நம் கன்னமும் ஒரே வீட்டுப் பங்காளிகள். இரண்டுக்கும் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் பொது. தயிரில் இருப்பது தொலைதூரத்து உறவு. 1925-இல் எடுவார் ஷாத்தோன் பெயரிட்டு, 1962-இல் ஸ்டேனியரும் வான் நீலும் தெளிவாக வரையறுத்த புரோகேரியோட்–யூகேரியோட் பிரிவை முதலில் சொல்லிவிட்டுத் தாவரம்–விலங்கு அட்டவணைக்குப் போனால் குழப்பம் பெரிதும் தீரும். உட்கரு இல்லாத மற்றொரு பிரிவான ஆர்க்கியாவைப் பத்தாம் வகுப்பில் பெயரளவில் சொன்னால் போதும்.

பசுங்கணிகத்தைக் காட்ட வேலம்பாசி இருக்கிறதே. குளத்திலிருந்து ஒரு கொத்து எடுத்துவந்து வெளிச்சத்தில் வைத்துவிட்டு, ஓர் இலையை அப்படியே நீரில் வைத்துப் பார்க்கலாம். சீவ வேண்டாம், சாயம் வேண்டாம். இலை இரண்டு அடுக்குச் செல்தான். சில நிமிடங்கள் விளக்கொளியில் இருந்ததும் பச்சை மணிகள் செல்லின் ஓரமாக வரிசையில் நகரத் தொடங்கும், தேர் வீதி சுற்றுவது போல. செல் உயிருள்ளது என்று நூறு முறை சொன்னாலும் வராத ஒரு நிசப்தம் அப்போது ஆய்வகத்தில் வரும்.

இப்போது அந்த மூன்று வரிக்கு வருவோம். முதல் இரண்டும் எளிது. மூன்றாவதைச் சொல்வதற்கு முன், “புதிய செல் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டிலிருந்து, இரத்தத்திலிருந்து என்று பதில்கள் வரும். சிரிக்க வேண்டாம். செல் கொள்கையை நிறுவிய ஷ்லைடனும் ஷ்வானும்கூட ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். பெர்லினில் ஒரு விருந்தில் ஷ்லைடன் தாவரச் செல்லின் உட்கருவைப் பற்றிப் பேச, அதே போன்ற ஒன்றை விலங்குத் திசுவில் கண்டது ஷ்வானுக்கு நினைவு வந்தது. இருவரும் உடனே ஷ்வானின் ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். 1839-இல் வந்த ஷ்வானின் நூல் செல் கொள்கையின் தொடக்கம். அதே நூலில்தான், உருவமற்ற ஒரு நீர்மத்திலிருந்து படிகம் விளைவது போலப் புதிய செல் விளைகிறது என்ற பிழையும் இருக்கிறது.

அந்தப் பிழையைத் திருத்தியவர் இராபர்ட் ரேமாக். கோழிக் கருவின் இரத்தச் செல் இரண்டாகப் பிரிவதை 1841-இலேயே கண்டு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, செல்கள் பிரிந்தே பெருகுகின்றன என்று 1852-இல் எழுதினார். 1855-இல் விர்ச்சோ அதே கருத்தை எல்லாரும் நினைவில் வைக்கும் ஒற்றை வரியாக்கினார். பாடநூலில் நின்றது விர்ச்சோவின் பெயர். யூதரான ரேமாக் மதம் மாற மறுத்ததால் முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு எட்டாமலே போயிற்று. ஐந்து நிமிடம் ஒதுக்கி இவர் பெயரையும் சொல்லுங்கள். மூன்றாவது வரிக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பார்வை இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

விதிவிலக்குகளை மறைக்கவும் வேண்டாம். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் காலெர்பா என்ற பச்சைப் பாசி, தண்டும் இலையும் உள்ள செடி போலவே தெரியும். ஆனால் உள்ளே குறுக்குச் சுவரே இல்லாத, எண்ணற்ற உட்கருக்கள் கொண்ட ஒற்றைச் செல் அது. கேட்கும் மாணவனுக்கு இதைச் சொல்லலாம்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளுக்குச் ‘செல்’ என்றால் கைபேசி நினைவுக்கு வருகிறது. இலங்கைப் பாடநூல்கள் ‘கலம்’ என்கின்றன. உள்ளே ஒன்றைத் தாங்கும் பாத்திரம் என்ற பொருளில் அது ஹூக்கின் வெற்று அறையைவிடப் பொருத்தமானது. தேர்வில் செல் என்றே எழுதட்டும். வகுப்பில் ஒரு முறையாவது கலம் என்று சொல்லிப் பாருங்கள்.

உங்கள் வகுப்பு அளந்த எண்களை எங்களுக்கு அனுப்புங்கள். சின்ன வெங்காயத்தையும் பெரிய வெங்காயத்தையும் தனித்தனியாக அளந்து, எந்தச் செதில் என்பதையும் குறித்து எழுதுங்கள். பெரிய வெங்காயம் பெரிதாக இருப்பது அதன் செல்கள் பெரிதாக இருப்பதாலா, எண்ணிக்கையில் கூடுதலாக இருப்பதாலா என்று மாணவர்களையே முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு அளவுகோலை எடுங்கள்.