குற்றாலத்திற் காணத்தக்கன

"குற்றாலத்தில் யாது கண்டாய்?" என்று நம் மாணவருள் ஒருவரை வினவின், "நன்கு குளித்தேன், செங்கோட்டை எல்லையிற் புரோட்டா உண்டேன்" என்பதே பெரும்பாலும் விடையாம். யானும் மும்முறை சென்று மீண்டு, அவ்விடையே பகர்ந்தவன். நான்காம் முறை சென்ற ஆனித் திங்கள் நாளொன்றில், வெள்ளம் மிகுந்தமையாற் பேரருவியில் நீராடுதல் தடுக்கப்பட்டிருந்தது. நண்பர் பெரிதும் வருந்தினர். உண்மையில், அன்றுதான் யான் குற்றாலத்தை முதன்முதற் கண்டேன்.

குளிக்க இயலாமையால் அருவியை அண்ணாந்து நோக்கினேன். அதன் நீர் உச்சியினின்றும் நேரே நிலத்தில் வீழ்வதன்று. இடையே பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் வீழ்ந்து, வேகந் தணிந்து, பொங்கி வழிந்தே இறங்குகின்றது. அக்குழி இன்றேல் அதன் அடியில் நிற்றல் எவர்க்கும் அரிதாகும். பன்முறை அந்நீரில் நனைந்தும், அதன் இயல்பை அறியாதிருந்தமைக்கு நாணினேன்.

பின்னர்ச் சித்திர சபைக்குச் சென்றோம். கூத்தப்பிரானுக்குரிய ஐம்பெருஞ் சபைகளுள் இஃதொன்று. இங்கு இறைவன் திருமேனி செப்பில் வார்க்கப்படாமல், சுவரிற் சித்திரமாகவே தீட்டப்பட்டுள்ளது. சுற்றுச் சுவரெங்கும் ஓவியங்கள் நிறைந்துள்ளன. கிறித்தவனாகிய யான் வழிபடச் சென்றேனல்லேன். ஆயினும், பெயரறியா ஓவியர்தம் பொறுமையும் பத்தியும் என்னைத் தலைவணங்கச் செய்தன. பேரருவியின் ஆரவாரத்திற்கு அணித்தே இருந்தும், அங்கு அன்று எம்மையன்றி வந்தோர் மிகச் சிலரே.

அண்மையிலுள்ள மேலகரத்திற் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவரது குற்றாலக் குறவஞ்சியை வகுப்பிற் பயின்று, பரீட்சையும் எழுதினோம். ஆயின் அவர் பாடிய மலையின் அடியில் நின்றும், அந்நூலை நினைப்பவர் நம்முள் எத்தனை பேர்? நம் கைப் பழத்தைப் பறித்தோடிய மந்தியே எனக்கு அதனை நினைவூட்டிற்று!

கண்ணாற் காணுதல் வெறும் இன்பத்திற்கு மட்டுமன்று; உயிர்க்கும் உறுதுணையாம். 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் நீராடிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனை அடித்துச் சென்று உயிர் கவர்ந்தது. அவன் நம்மினும் இளையோன். அவன்மேற் குற்றஞ் சாட்டுவார் யார்? அடியில் நிற்பார்க்கு மலைமேற் பெய்த மழை தெரிவதில்லை. ஆதலின், காவலர் தடுக்குங்கால் அவரோடு வழக்காடுதலும், தடுப்பைத் தாண்டுதலும் வீரமாகா. நீரின் நிறம் கலங்குகின்றதா, மலைமுகட்டில் மேகங் கவிந்துள்ளதா என்று நோக்குதல் அறிவுடைமை.

அருவியாடல் வேண்டாவென்பது என் கருத்தன்று. தென்மேற்குக் காற்றுடன் சாரல் தூவும் பருவத்தில் அந்நீரில் நனையாது திரும்புபவன் நல்லூழ் இல்லாதவனே! என் வேண்டுகோள் இதுவே: ஆண்டுதோறும் குற்றாலச் செலவை வகுக்கும் நம் கல்லூரி அன்பர்கள், ஒரு முற்பகலையேனும் காண்டற்கென ஒதுக்குவாராக. உடல் குளிர்ந்தது ஓரிரவில் மறந்துபோம். கண் குளிர்ந்தது நெடுநாள் நிற்கும்.