மஞ்சள் கடுதாசியும் நம் வீட்டுக் கணக்கும்



பாறசாலைப் பக்கம் ஒரு மனிதனைத் தலைகுனிய வைக்க இரண்டு சொல் போதும். தமிழில் சொன்னால் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தவன்’. மலையாளத்தில் சொன்னால் ‘பாப்பராயவன்’. வட்டிக்கு விட்டு நாலு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியவன் திருவிழாவில் முன்வரிசை நாற்காலியில் உட்காருகிறான். அவனிடம் வாங்கிய முதலுக்கு மேல் வட்டியே கட்டித் தீர்த்து, கடைசியில் ‘இனி என்னால் ஆகாது’ என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தவன் மோசக்காரனாம்! இந்த நியாயத்தை நமக்குக் கற்பித்தவன் யார்? வட்டிக்காரனே தவிர வேறு யாருமில்லை.

இந்த அவமானத்துக்குப் பயந்துதான் நம்மவர்கள் எல்லை தாண்டுகிறார்கள். களியிக்காவிளையைக் கடந்தால் வேறு மாநிலம், வேறு போலீஸ். பாத்திரபண்டங்களைச் சாக்கில் கட்டி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு, விடிவதற்குள் போய்விடுவது. நெய்யாற்றின்கரையும் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கோடு விழுந்தபோது இந்தத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கோட்டினால் நமக்குக் கிடைத்த ஒரே சலுகை, கடன்பட்டவன் ஒளிந்துகொள்ள ஒரு மறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அதுவும் பொய்ச் சலுகை. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வாங்கிய தீர்ப்பைக் குழித்துறைக் கோர்ட்டுக்கு அனுப்பி அங்கேயே நிறைவேற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழியிருக்கிறது. ஓடிப்போனவனைத் தேடிக் கடன்காரன் வருவதற்கு முன்னால், அவனுக்கு ஜாமீன் நின்ற பக்கத்துவீட்டுக்காரனின் வாசலில் போய் நிற்கிறான். பிள்ளையின் படிப்பு பாதியில் நிற்கிறது. ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், வேலை இன்னொரு மாநிலத்தில், ஆள் எங்கேயுமில்லை.

ஓடாமல் நிற்க ஒரு வழி உண்டு. கேரளத்தில் 1955ஆம் ஆண்டின் திவால் சட்டம் இருக்கிறது. கடனைக் கட்ட இயலாதவன் சார்பு நீதிமன்றத்தில் மனுப்போடலாம். ‘ஐ.பி. போட்டுட்டான்’ என்று ஊரார் சொல்வது இதைத்தான். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், அவர்கள் எங்கே இருக்கிறார்கள், தன்னிடம் என்ன சொத்து இருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். விசாரணையில் வரவென்ன, செலவென்ன என்ற கேள்வி வந்தே தீரும். அமெரிக்காவில் இதற்கென்றே மாத வருமானத்துக்கு ஒரு படிவமும் மாதச் செலவுக்கு ஒரு படிவமும் இருக்கின்றன. அரிசி, வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். நம் ஊரில் நிரப்புவது யார்? வக்கீல் குமாஸ்தா. அவருக்கு நம் வீட்டைப் பற்றி என்ன தெரியும்? ‘கூலி வேலை, மாதம் இவ்வளவு’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார். அந்த ஒரு வரியில்தான் நம் வழக்குகள் கவிழ்கின்றன.

எப்படிக் கவிழ்கின்றன என்று பார்ப்போம். நமக்கு முன்பே இன்னொருவன் நம் வீட்டுக் கணக்கை எழுதி வைத்திருக்கிறான்! குழுக்கடன் கொடுக்கிறவனின் ஆள் திண்ணையில் உட்கார்ந்து, ‘சேச்சி, மாசம் என்ன வருமானம்?’ என்று கேட்கிறான். ‘மழை பெஞ்சா வேலை இல்ல சார், என்னன்னு சொல்ல?’ என்கிறாள் நம் தாய். ‘அப்படியெல்லாம் எழுத முடியாது’ என்று அவனே ஒரு தொகையை நிரப்பிக் கையெழுத்து வாங்குகிறான். ஏன் நிரப்புகிறான்? 2022 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுப்பது சிறுகடன்; எல்லாக் கடனுக்குமாகச் சேர்த்து மாதம் கட்டும் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஏழையைக் காப்பாற்றப் போட்ட விதிதான். ஆனால் தவணை 9,000 ஆகிறதா? அப்படியானால் வருமானம் 18,000 என்று எழுது! செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டிய கதை இது. பிறகு ஒருநாள் கோர்ட்டில் நாம் ‘மாதம் எட்டாயிரம் வந்தால் பெரிது’ என்று சொல்லும்போது, எதிர்க்கட்சி வக்கீல் அந்தத் தாளை எடுத்து நீட்டுவார். ‘பதினெட்டாயிரம் என்று கையெழுத்துப் போட்டது நீதானே? அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?’ நம் தாய் வாயடைத்து நிற்பாள். பொய் சொன்னவன் அந்த அறையிலேயே இருக்க மாட்டான்.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: திவாலாகும்போது எழுதுகிற கணக்கு கடன் வாங்குகிற அன்றே தொடங்க வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வேலை கிடைத்த நாள், கிடைக்காத நாள், கிடைத்த கூலி, மேஸ்திரி பிடித்துக்கொண்டது. எட்டு மாதம் இப்படி எழுதினால் மழைக்காலம் என்ன செய்கிறது என்பது தானே தெரியும். குழுக்கடன் கொடுப்பவர்கள் கடன் அட்டையைக் கடனாளிக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்பதும் அதே ரிசர்வ் வங்கி விதிதான். தமிழில் கேளுங்கள். தரவில்லை என்றால், கேட்ட தேதியை நோட்டில் எழுதுங்கள்.

‘கணக்கு எழுதுவது செட்டியார் வேலை, நமக்கு எதற்கு?’ என்று நம் சங்கத்துக்குள்ளேயே சில பெரியவர்கள் சொல்கிறார்கள். இவர்கள் மேடையில் சுரண்டல் என்று ஒன்றரை மணி நேரம் முழங்குவார்கள். எவ்வளவு சுரண்டினான் என்று கேட்டால் பதில் இருக்காது. சுரண்டலுக்குத் தொகை உண்டு, தோழர்களே. அதை நோட்டில் எழுதலாம்.

என்ன எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாலராமபுரத்துத் தறிவீடுகளைப் பாருங்கள். பாலராம வர்மா காலத்தில் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட தமிழ்ச் சாலியர் மரபு அது. தறியில் உட்காருகிறவன் ஒருவன். தார் சுற்றுவது மனைவி. பாவுக்குக் கை கொடுப்பது வயதான தாய். பள்ளி விட்டு வந்த மகளும் ஒரு வேலை செய்வாள். கூலி ஒருவன் பேரில்தான் வருகிறது. குமாஸ்தா எழுதினால் ‘சம்பாதிப்பவர் ஒருவர், சும்மா இருப்பவர் மூவர்’. நாம் எழுதினால் ‘உழைப்பவர் நால்வர், கூலி ஒன்று’. இரண்டும் ஒரே வீடுதான். எது உண்மை?

செலவிலும் அப்படியே. நம் குடும்பங்கள் பாதி இங்கே, பாதி அங்கே. வாடகை பாறசாலையில் கொடுக்கிறோம். ஊரில் தாய்க்கு மருந்துப் பணம் அனுப்புகிறோம். ஒரு சாவு, ஒரு சடங்கு என்றால் குடும்பத்தோடு பஸ் ஏற வேண்டும்; அன்றைய கூலியும் போயிற்று. ரேஷன் அங்கே கிடப்பதால் அரிசியை இங்கே கடையில் வாங்குகிறோம். இதையெல்லாம் ‘இதர செலவு’ என்று ஒரு வரியில் மூடிவிட்டால், நீதிபதிக்கு நாம் ஊதாரிகளாகத்தான் தெரிவோம். பணயம் வைத்த நகைக்குக் கட்டும் பலிசை, சிட்டிக்குக் கட்டியது, மகள் கல்யாணத்துக்கு வந்த மொய், திருப்பிச் செய்ய வேண்டிய மொய் எல்லாம் வர வேண்டும். மொய்யைக் கடன் என்று கோர்ட் ஏற்குமோ ஏற்காதோ, நம் வீட்டில் அது கடன்தான்.

குடிச்செலவை எழுதுவதா என்று ஒரு தோழர் கேட்டார். எழுதத்தான் வேண்டும். பெவ்கோ கடை வாசலில் கொடுத்ததை மளிகை என்று எழுதினால் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். கணவன் எழுதாவிட்டால் மனைவி எழுதட்டும். நோட்டு அவள் கையில் இருப்பதே நல்லது. தவணை கேட்டு ஆள் வரும்போது வாசலில் நிற்பவள் அவள்தான்.

மறைக்கக் கூடாதது இன்னொன்று உண்டு. மனுப்போடும் முன்னால் மூன்று சென்ட் நிலத்தை மச்சான் பேருக்கு எழுதி வைக்கச் சொல்லும் யோசனைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அந்த மாற்றத்தை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிடலாம். சொத்தை மறைத்தான் என்று ஆனால் மனுவும் போய்விடும், தண்டனையும் வரும். இத்தனைக்கும் பல வீடுகளில் அப்படி மறைக்க வேண்டிய தேவையே இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு என்ன சொல்கிறது? உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, உழைப்பாளி குடியிருக்கும் சொந்த வீடு, அவனுடைய கூலி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. அடமானம் வைத்த வீட்டுக்கும் பணயம் வைத்த நகைக்கும் இந்தப் பாதுகாப்பு நிற்காது. திவால் மனுவும் ஈடு பிடித்தவனைத் தடுக்காது. ஜாமீன் நின்றவனை விடுவிக்காது. இதைச் சொல்லாமல் மனுப்போடச் சொல்கிறவனும் நம்மை ஏமாற்றுகிறவன்தான்.

கடன் பட்டியல் எழுதும்போது ஒரு விஷயத்தில் கை நிற்க வேண்டும். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி, அது தீரும்வரை வேறு வேலைக்குப் போகக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறானா? அது வெறும் கடனல்ல, கொத்தடிமை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அப்படிப்பட்ட கடனை அடியோடு அழித்துவிட்டது. அதைக் ‘கொடுக்க வேண்டியது’ என்று நாமே எழுதிக் கொடுத்தால், சட்டம் அறுத்த கயிற்றை நாமே மறுபடி முடிந்துகொள்வதாகும். அந்தக் குடும்பம் போக வேண்டிய இடம் கலெக்டர் ஆபீஸ்.

பிளேடுக்காரனை விட்டுவிடலாமா? கூடாது. வெற்றுச் செக்கும் கையெழுத்திட்ட முத்திரைத்தாளும் வாங்கி வைத்திருக்கிறானே என்று பயந்து அவன் பேரைப் பட்டியலில் எழுதாமல் விடுகிறார்கள். எழுதினால்தான் அவனும் மற்றவர்களைப் போலக் கோர்ட்டுக்கு வந்து கடனை நிரூபிக்க வேண்டியிருக்கும். வட்டித்தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்பது 1958ஆம் ஆண்டின் கேரளச் சட்டம். கொள்ளை வட்டியைத் தடுக்க 2012இல் இன்னொரு சட்டம் வந்தது. 2014இல் திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பமே கடன் தொல்லையில் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு ‘ஆபரேஷன் குபேரா’ என்று போலீஸ் புறப்பட்டது. கொஞ்சகாலம் பிளேடுக்காரர்கள் பதுங்கினார்கள். நம் நோட்டில் தேதியும் வட்டியும் இருந்திருந்தால் அந்தக் கொஞ்சகாலத்திலாவது பலரைக் கூண்டில் ஏற்றியிருக்கலாம்.

சிறைக்குப் பயப்படுகிறவர்கள் ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவருக்கும் கொச்சி வங்கிக்கும் நடந்த கேரள வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம், கொடுக்க வழியில்லாத ஏழையைக் கடனுக்காக மட்டும் சிறையில் போடுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுப்பவனுக்கே சிறை. பெண்களைப் பணத் தீர்ப்புக்காகக் கைது செய்யவே முடியாது. அது சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. சரி, கொடுக்க மனமில்லாதவன் யார், வழியில்லாதவன் யார் என்று நீதிபதி எதைப் பார்த்துச் சொல்வார்? நம் முகத்தைப் பார்த்தா? அந்த நாற்பது பக்க நோட்டைப் பார்த்துத்தான்.

இனி டில்லிக்காரர்கள் விஷயம். 2016இல் புதிய திவால் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. அதில் ஏழைகளுக்கென்று ஒரு பகுதி: கடனைத் தள்ளி மறுவாழ்வு தொடங்க வழி. தகுதி என்ன தெரியுமா? ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. சொத்து 20,000 ரூபாய்க்குள். கடன் 35,000 ரூபாய்க்குள். சொந்த வீடு அறவே கூடாது, அது அடமானத்தில் கிடந்தாலும் சரி! ஒரு நாளைக்கு 500 ரூபாய் வாங்குகிறவன் 120 நாள் வேலை செய்தால் 60,000 ஆகிவிடுகிறது. மீதி 245 நாள் பட்டினி கிடந்தால்தான் அவன் சட்டத்தின் கண்ணில் ஏழை. 2024-25இல் கேரளத்தில் ஊரக வேலைத்திட்டக் கூலி நாளுக்கு 346 ரூபாய். மனைவி நூறு நாள் போனால் 34,600. கணவன் 74 நாள் கூலிக்குப் போனாலே குடும்ப வரவு 60,000ஐத் தாண்டிவிடும். லட்சம் வீடு காலனியில் இரண்டு சென்ட் வைத்திருப்பவன் வீட்டுக்காரனாகிவிட்டதால் அவனும் வெளியே.

இந்தப் பிச்சைக்காசு வழியாவது திறந்ததா? இல்லை. தனிமனிதர்களைப் பற்றிய பகுதி 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற முதலாளிகளுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்தது. கூலிக்காரனுக்கு இன்றுவரை வரவில்லை. கோடிக்கணக்கில் வாங்கியவனுக்கு அவசரம். நமக்கு நூறாண்டுப் பழைய அச்சில் வார்த்த சட்டம்! இந்தப் பகுதியை உடனே அமலாக்க வேண்டும், தொகைகளை இன்றைய கூலிக்கும் விலைக்கும் தக்கபடி உயர்த்த வேண்டும், குடியிருக்கும் வீட்டைக் காரணம் காட்டி ஏழையைத் தள்ளக் கூடாது என்று நாம் கேட்கிறோம். அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு, குறையைச் சொல்லும் விண்ணப்பத்தை நம் மொழியிலேயே எந்த அதிகாரிக்கும் கொடுக்க உரிமை தந்திருக்கிறது. தமிழிலேயே அனுப்புவோம். விண்ணப்பத்தோடு நம் வீட்டுக் கணக்குகளையும் பேர் மறைத்துச் சேர்ப்போம்; 60,000 ரூபாயில் ஒரு குடும்பம் எப்படி வாழ்வது என்று அவர்களே கூட்டிப் பார்க்கட்டும்.

வக்கீல் பீசுக்கு வழியில்லாதவர்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா சட்ட உதவிக் குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போகும்போது கடன் அட்டைகள், பணயச் சீட்டுகள், ரேஷன் கார்டு, வில்லேஜ் ஆபீஸ் வருமானச் சான்று, நோட்டு எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். சான்றில் எழுதியிருக்கும் வருமானமும் நோட்டில் இருப்பதும் வேறுபட்டால் அதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். எழுதத் தெரியாத வீடுகளுக்கு, எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய் எழுதிக் கொடுக்கட்டும். ஒரு வீட்டுக்கு அரைமணி நேரம் ஆகும்.