விண்ணப்பத்தில் தறியை மறைக்கலாமா?

நாம் சங்கத் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில், துணி வடிவமைப்புப் படிப்புக்கு மனுச் செய்யும் அங்கத்தினர்களின் பிள்ளைகள், தம்மைப் பற்றி எழுதிய கட்டுரையைக் காட்டுவதுண்டு. ‘சிறு வயது முதலே கலையார்வம்’ என்றே அநேகர் தொடங்குகின்றனர். வீட்டுத் தறியைப் பற்றியோ, தாயார் கட்டும் முடிச்சைப் பற்றியோ ஒரு வரியும் இராது. ஏழ்மை வெளிப்படுமென்ற கூச்சமே காரணம்.

இது தவறென்பது நமது அபிப்பிராயம். 1961ல் அகமதாபாத்தில் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனமாயினும், அயல்நாட்டுக் கலாசாலையாயினும், ஒரு மாணவரை மற்றவரினின்று பிரித்துக் காட்டுவது அவர் கண்டதும் செய்ததுமே.

துணியைக் கிள்ளி நூலால் இறுகக் கட்டினால் அவ்விடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் வெண்புள்ளி தோன்றும். 2005ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் இந்நுட்பத்தை, முடிச்சுத் தளர்ந்து புள்ளி மங்கிய புடவை கற்பித்த பாடத்தோடு எழுதட்டும். பருத்திக்காட்டுப் பிள்ளை பஞ்சின் தரத்தை எழுதட்டும்.

பெற்றோர்களே, கட்டுரையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் தொழில் அதில் இல்லையேல், திருத்தி எழுதச் சொல்லுங்கள்.