பதினொன்றைத் தாண்டிக் குதிக்கலாமா?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் வீட்டில் மேல்நிலை வகுப்பைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. எந்தப் பள்ளி, எந்தப் பாடப்பிரிவு என்று பெரியவர்கள் விசாரிக்கிறார்கள். "பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இப்போதே தொடங்கிவிடுவீர்களா?" என்று பள்ளியில் கேட்போரும் உண்டு. இந்தக் கேள்விதான் நமக்குக் கவலை தருகிறது.

தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. கல்லூரியில் ஓராண்டு படித்த புகுமுக வகுப்புக்குப் பதிலாகப் பள்ளியிலேயே ஈராண்டுப் படிப்பு ஏற்பட்டது. ஆனால் பொதுத்தேர்வு இரண்டாம் ஆண்டில் மட்டுமே. அதனால் முதலாண்டுப் பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு அடுத்த ஆண்டுப் பாடத்துக்குத் தாவும் வழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றியது. இதைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டுள்ளது. தேர்வுச் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் பழைய வழக்கம் மீண்டும் தலைதூக்கக் கூடாது.

ஏன்? இயற்பியலையே பாருங்கள். நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் பதினொன்றில் படிக்கிறோம். பன்னிரண்டில் வரும் கூலூம் விதியும் தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்த்தகவில் அமைந்ததே. சுருள்வில்லில் தொங்கும் எடை மேலும் கீழும் அலைவதைப் பதினொன்றில் படிக்கிறோம். மின்தூண்டியும் மின்தேக்கியும் இணைந்த சுற்றில் மின்னூட்டம் அலைவதைப் பன்னிரண்டில் படிக்கிறோம். இரண்டின் சமன்பாடும் ஒரே வடிவந்தான்! முதலாவதை அறியாதவர் இரண்டாவதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. நீட், ஜே.இ.இ. தேர்வுகளிலும் ஈராண்டுப் பாடங்களிலிருந்தும் வினாக்கள் வருகின்றன.

அப்படியானால் விடுமுறையில் என்ன செய்யலாம்? ஒரு நூல், ஒரு சிறு கல், விநாடி காட்டும் கடிகாரம் ஆகியவை போதும். கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூலின் மேல்முனையிலிருந்து கல்லின் மையம் வரை 100 செ.மீ. இருக்கட்டும். சிறிதளவே இழுத்துவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளவிடுங்கள். ஏறக்குறைய 40 விநாடி வரும். இப்போது நீளத்தை 25 செ.மீ. ஆக்குங்கள். நேரமும் கால் பங்காகும் என்று எண்ணுகிறீர்களா? பாதியாகத்தான் குறையும்! 50, 75 செ.மீ. நீளங்களுக்கும் அளந்து பாருங்கள். ஓர் அலைவுக்கான நேரத்தின் வர்க்கத்தையும் நீளத்தையும் வரைபடத்தாளில் குறித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அளத்தல், அட்டவணையிடல், வரைபடம் வரைதல், 'ஏன்?' என்று கேட்டல் ஆகியவையே பதினோராம் வகுப்புக்கு வேண்டிய பழக்கங்கள்.

தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழிக்குச் செல்வோர் விசை, முடுக்கம், உந்தம் முதலிய சொற்களின் ஆங்கிலப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிப் பழகலாம். அதுவும் நல்ல ஆயத்தமே.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைச் சேர்க்கச் செல்லும்போது பள்ளியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "பதினோராம் வகுப்புப் பாடத்தை முழுவதும் நடத்துவீர்களா? ஆய்வகத்துக்கு வாரம் எத்தனை பாடவேளை?"

அடித்தளம் போடாமல் மாடி கட்ட எந்தக் கொத்தனாரும் ஒப்பமாட்டார். நாம் மட்டும் ஒப்பலாமா?