மணிக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

சேனலை ரொம்ப நாளாகப் பார்ப்பவர்களுக்கு எங்கள் மணியைத் தெரிந்திருக்கும். முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். 2020 லாக்டவுனில் முதல் வீடியோ போட்டபோது, நான் "80சி"ன்னு ஆரம்பித்ததும் பின்னாடி ஒரு குரைப்பு கேட்கும். அதை வெட்டி எடுக்கத் தெரியாமல் அப்படியே போட்டுவிட்டேன். "ஃபைனான்ஸ் சேனல் வீட்டு நாய்க்கு மணின்னு பேரா?" என்று கேலி பண்ணாத ஆளே கிடையாது. பேர் வைத்தது அப்பா. 13 வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் மழையில், குரோம்பேட்டை வீட்டு கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்த தெருக்குட்டி. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே நாய்ப் பேர் மணி. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. மணி இருக்கிறது.

இப்போது வீடியோவில் குரைப்பு கேட்காது. மணிக்கு கிட்னி போய்க்கொண்டிருக்கிறது. மார்ச்சில் சாப்பிடாமல் வாந்தி எடுத்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் 4.1. நாய்களின் சிறுநீரக நோயை நாலு நிலையாகப் பிரிக்கிறார்கள், 2.9 முதல் 5 வரை மூன்றாவது நிலை. செப்டம்பரில் 6.3. அதாவது கடைசி நிலை. 19 கிலோ இருந்த நாய் இன்றைக்கு 13 கிலோ.

இந்த ஏழு மாதத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "சாகப்போற நாய்க்கு எதுக்குமா இவ்வளவு செலவு? நீயே ஆடிட்டர், உனக்குத் தெரியாதா?" கேட்டது என் பெரியப்பா. கெட்ட மனசோடு கேட்கவில்லை. அதனால் ஒழுங்காகவே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. மார்ச் முதல் செப்டம்பர் வரை என் எக்செல் ஷீட்டில் இருப்பது:

முதல் அட்மிஷன், 3 நாள்: ₹18,500
ரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன்: ₹16,200
மருந்து, டிரிப் பாட்டில், ஊசி: ₹24,300
கிட்னி நாய்களுக்கான தனி உணவு: ₹14,700
டாக்டர் வீட்டுக்கு வந்த கட்டணம்: ₹8,000
ஆட்டோ, டாக்சி: ₹6,400
மொத்தம்: ₹88,100

"இதை டாக்ஸில் கழிக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. 1961ஆம் வருஷச் சட்டத்தின் 80டி என்பது நமக்கும், கணவன் அல்லது மனைவிக்கும், நம்மைச் சார்ந்த பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கும் மட்டும்தான். கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அந்த அளவில் ஒரு சின்ன ஆறுதல். இன்சூரன்ஸ்? நாய்க்கு பாலிசி தருகிற கம்பெனிகள் நம் ஊரிலும் உண்டு. ஆனால் வயசு வரம்பு இருக்கும், ஏற்கனவே வந்துவிட்ட நோய்க்குப் பணம் வராது. 13 வயசில் தேடினால் கதவு மூடியிருக்கும். குட்டியாக இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

வருமான வரிச் சட்டத்தில் விலங்குகள் வருகிற ஒரு இடம் உண்டு. 1961ஆம் வருஷச் சட்டத்தின் 36(1)(vi). தொழிலுக்குப் பயன்படுத்திய மாடோ குதிரையோ செத்துப்போனால், அல்லது அந்தத் தொழிலுக்கு "நிரந்தரமாகப் பயனற்று" போனால், வாங்கின விலையிலிருந்து அதை விற்றோ அதன் உடலை விற்றோ கிடைத்த தொகையைக் கழித்து, மீதியைச் செலவாகக் காட்டலாம். சிஏ படிக்கும்போது இதை மனப்பாடம் பண்ணி, அடுத்த பிரிவுக்குப் போய்விட்டேன். ஆகஸ்ட்டில் ஒரு ராத்திரி, மணி ஹாலில் மூத்திரம் போய்விட்டு, தப்பு பண்ணின மாதிரி தலையைத் தொங்கப்போட்டு நின்றபோது அந்த வரி ஞாபகம் வந்தது. நிரந்தரமாகப் பயனற்று. பெரியப்பா கேட்பதும் ஒரு வகையில் இந்தப் பிரிவைத்தான். பயன் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் செலவு?

நான் சொல்லும் பதில் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மணியை அசெட் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரியப்பா சொல்வது சரி. ஆனால் அது அங்கே இருக்க வேண்டியதே இல்லை. அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 29 என்று ஒன்று இருக்கிறது. ஒரு ப்ரொவிஷன் போட மூன்று விஷயம் வேண்டும். முன்னாடி நடந்த ஒரு நிகழ்வால் இன்றைக்கு நமக்கு ஒரு கடமை இருக்க வேண்டும். அதற்காகப் பணம் வெளியே போக வாய்ப்பு அதிகமாக இருக்க வேண்டும். எவ்வளவு என்று ஓரளவு கணக்குப் போட முடிய வேண்டும். முன்னாடி நடந்த நிகழ்வு, அந்த மழை நாளில் அப்பா கேட்டைத் திறந்துவிட்டது. வளர்ப்பு நாய்க்கு வயசாகும், அதுவும் தெரிந்ததுதான். செலவையும் டாக்டரிடம் கேட்டிருந்தால் தோராயமாகச் சொல்லியிருப்பார். மூன்றும் இருந்தது. ப்ரொவிஷன்தான் போடவில்லை. ஊருக்கெல்லாம் எமர்ஜென்சி ஃபண்ட் சொல்லிக்கொடுக்கிற நான், முதல் பில்லை கிரெடிட் கார்டில் தேய்த்தேன்.

மாதம் ₹500 எடுத்து வைத்திருந்தால், 13 வருஷத்தில் போட்டது ₹78,000. 6.5 சதவீதம் வட்டி என்று வைத்தால் இன்றைக்குச் சுமார் ₹1.2 லட்சம். மொத்தச் செலவும் அதில் அடங்கியிருக்கும். நாய் வளர்ப்பவர்கள் இன்றைக்கே ஒரு ஆர்டி ஆரம்பியுங்கள். பேரை நாயின் பேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் உடைக்க மனசு வராது.

ஆனால் பணம் இதில் சின்னப் பகுதிதான். பெரிய செலவு நேரம்.

காலை 5.30க்கு டிரிப். ரிங்கர் லாக்டேட் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து, ஜன்னல் கம்பியில் மாட்டி, தோள்பட்டைக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, ஊசியைத் தோலுக்கு அடியில் விட வேண்டும். டாக்டரம்மா இரண்டு தடவை செய்து காட்டினார். மூன்றாவது தடவை என் கையில் கொடுத்துவிட்டார். 250 மில்லி போனதும் முதுகில் திமில் மாதிரி ஒரு வீக்கம் வரும், மத்தியானத்துக்குள் வற்றிவிடும். அப்புறம் மாத்திரை. அப்புறம் அம்மா சோறு குழைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து, விரலால் ஊட்டுவது. தட்டில் வைத்தால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. அம்மா விரலில் இருந்தால் நாலு வாய் போகும். ராத்திரி 2 மணிக்கு எழுந்து ஹாலைச் சுற்றிச் சுற்றி நடக்கும். அந்த ஷிஃப்ட் என் கணவருக்கு.

நடுவில் செப்டம்பர். டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்கு 30ஆம் தேதி கெடு. எங்கள் தொழிலில் அந்த மாதம் வீட்டில் கல்யாணம் வைத்தாலே முறைப்பார்கள். மூன்று ஆடிட்டை வேறொரு ஆடிட்டர் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். விட்ட ஃபீஸ் ₹75,000. அதையும் சேர்த்தால் உண்மையான செலவு ₹1,63,100. ஷீட்டில் இந்த வரி முதலில் இல்லை. போன வாரம்தான் சேர்த்தேன்.

ஒரு நாள் காலையில் ஊசி உள்ளே இருக்கும்போது ஒரு கிளையண்ட் ஃபோன். "மேடம், பிஸியா?" "ஒரு மீட்டிங்ல இருக்கேன் சார்" என்றேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் தயங்காமல் சொல்லியிருப்பேன். நாய் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று யோசித்தபோது போன வருஷம் ஞாபகம் வந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு ஆர்ட்டிகிள் பையன், ஆடிட் நேரத்தில் வந்து அரை நாள் லீவு கேட்டான். அவன் வீட்டு நாய் செத்துவிட்டது. லீவு கொடுத்தேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் "நாய்க்கா?" என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தை. பக்கத்து டேபிளில் யாரோ சிரித்தார்கள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

இந்த மாதம் அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்"னுதான் சொன்னான். அந்த "பரவால்ல" எனக்குப் போதாது. பத்து பேர் வேலை செய்கிற இடமோ ஆயிரம் பேர் வேலை செய்கிற இடமோ, நாயோ பூனையோ கடைசி நாட்களில் இருந்தால் ஒருத்தர் இரண்டு நாள் லீவு கேட்க முடிய வேண்டும். காரணம் பொய்யாக இருக்கக் கூடாது. எங்கள் ஆபீஸில் இப்போது அதை எழுதிப் போட்டாயிற்று.

இனிமேல் வருவதுதான் எழுதக் கஷ்டமான பகுதி.

செப்டம்பரில் டயாலிசிஸ் பேச்சு வந்தது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே நாய்களுக்கு அந்த வசதி இருக்கிறது. ஆனால் டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: திடீரென்று கிட்னி பாதித்த நாய்க்கு, தேறி வரும்வரை தாக்குப்பிடிக்க அது உதவும். மணிக்குக் கிட்னி வருஷக்கணக்கில் தேய்ந்தது, திரும்பி வராது. சில வாரம் கூடக் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி என்னை நானே ஒரு கேள்வி கேட்டேன். நீங்களும் இதை வைத்துக்கொள்ளுங்கள்: இது முழுக்க இலவசமாகக் கிடைத்தால் செய்வேனா? ஆட்டோ ஏறினாலே மணி நடுங்கும். மணிக்கணக்கில் குழாய் மாட்டிப் படுக்க வைக்க வேண்டும், திரும்பத் திரும்ப. இலவசமாக இருந்தாலும் செய்திருக்க மாட்டேன். ஆக அந்த முடிவில் பணம் இல்லை. நிம்மதியாக இருந்தது.

ஆனால் அதே கேள்வியை மார்ச்சுக்கும் கேட்டேன். அட்மிஷனை இன்னும் நாலு நாள் நீட்டிக்கலாம் என்றார்கள். மூன்றாம் நாளே கூட்டி வந்துவிட்டேன். "வீட்டிலேயே நல்லா இருக்கும்"னு எல்லோரிடமும் சொன்னேன். இலவசமாக இருந்திருந்தால் நீட்டித்திருப்பேன். அது பணத்துக்காக எடுத்த முடிவு. டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டேன், அதனால் நோயின் போக்கு மாறியிருக்காது என்றார். இருந்தாலும், அன்றைக்கு எனக்கு அது தெரியாது. வரம்பு இருப்பது தப்பில்லை. எங்கள் வீட்டில் பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸும் வீட்டு லோனும் இருக்கிறது. வரம்பை வேறு பேர் சொல்லி மறைத்ததுதான் இத்தனை மாதம் உள்ளே குத்திக்கொண்டிருந்தது. கணவரிடம் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

அடுத்தது, எப்போது நிறுத்துவது. ஊசி போட்டுத் தூங்க வைப்பது என்ற பேச்சை எடுத்ததுமே அம்மா எழுந்து போய்விட்டார். "உயிரை எடுக்க நாம யாருடி? அதுவா போகட்டும்." நான் வாதாடவில்லை. அமெரிக்காவில் அலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஒரு அளவுகோல் தயாரித்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். மொத்தம் 70க்கு 35க்கு மேல் இருந்தால், இருக்கிற வாழ்க்கை அதற்குத் தாங்கக்கூடியது என்று அர்த்தம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். மார்க் போடும் வேலையை அம்மாவிடமே கொடுத்தேன். மணியோடு நாள் முழுக்க இருப்பது அவர்தான்.

முதல் வாரம் 46, 44, 45. அம்மா வலிக்கு எப்போதும் தாராளமாக மார்க் போடுவார். அப்புறம் 41. போன ஞாயிறு 38. யாரும் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அம்மாவே நோட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "மூணு நாள் சேர்ந்தாப்ல 35க்குக் கீழ போச்சுன்னா டாக்டரம்மாவை வீட்டுக்கே வரச் சொல்லு. அங்க கூட்டிட்டுப் போகாத, பயந்துக்கும்" என்றார். அதை நோட்டின் பின் பக்கத்தில் எழுதினோம். கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பெரியப்பாவுக்கு என் பதில் அந்த நோட்டில்தான் இருக்கிறது. நாய் மிச்சமிருக்கிற நாளை வலியில்லாமல் கழிக்க ஆகிற செலவு, நாம் எப்போதோ ஒப்புக்கொண்ட கடன். அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு மேல், நம் குற்ற உணர்ச்சியைத் தீர்க்க ஆகிற செலவு நாய்க்கானது இல்லை, நமக்கானது. அதை நிறுத்தலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க நிதானமான மனசு வேண்டும். அது நாய் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இருக்கும். எனவே உங்கள் வீட்டில் நாய்க்கு எட்டு வயசு தாண்டியிருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து மூன்று விஷயம் பேசிவிடுங்கள்: எவ்வளவு பணம், யார் யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்த இடத்தில் நிறுத்துவது. எழுதி வையுங்கள்.

இதை எழுதும்போது மணி மேஜைக்கு அடியில், என் கால் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறது. மூச்சில் அம்மோனியா வாடை. பாப்பா ஸ்கூலிலிருந்து வந்ததும் வாலை இரண்டு தடவை தரையில் தட்டியது. இன்றைக்கு 37.

இந்த வாரம் வீடியோ இல்லை. ஆடிட் கேஸ்களுக்கு ரிட்டர்ன் தாக்கல் 31ஆம் தேதி வரை இருக்கிறது, என் கிளையண்டுகள் பயப்பட வேண்டாம், முடித்துவிடுவேன். காலை 5.30 முதல் 7 வரை மட்டும் ஃபோன் எடுக்க மாட்டேன். மீட்டிங் இல்லை. மணிக்கு டிரிப்.