ஒன்றரை மீட்டர் பேப்பர்

போன மாதம் ஓர் அப்பாவும் பையனும் வந்தார்கள். பையனுக்கு 19 வயது. வேலைக்குச் சேர மெடிக்கல் சர்டிஃபிகேட் வேண்டும். ஜெல் தடவி, கிளிப் மாட்டி ஈசிஜி எடுத்தேன். மெஷின் தன் வழக்கப்படி மேலே ஒரு வரி அச்சடித்தது: ‘சைனஸ் அரித்மியா’. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “சார், அரித்மியான்னு போட்டிருக்கே, வேலை போயிடுமா?”

23 வருஷமாக ஈசிஜி எடுக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே பாதி நாள் போயிருக்கும். ஸ்கேலை வைத்துக் காட்டினேன். இரண்டு துடிப்புக்கு நடுவே இங்கே 20 சின்னக் கட்டம், அங்கே 25. ஒரு கட்டம் 0.04 விநாடி. மூச்சை இழுக்கும்போது துடிப்பு நெருங்குகிறது, விடும்போது விலகுகிறது. பையன் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறான், அவ்வளவுதான். டாக்டரும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இதயம் என்றால் கடிகாரம் போலத் துடிக்க வேண்டும் என்று நமக்கு யாரோ சொல்லிவைத்துவிட்டார்கள். இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 100 துடிக்கும். நமக்கு எழுபதோ எழுபத்தைந்தோ இருப்பது மூளையின் வேலை. பிடரிக்கு உள்ளே, தண்டுவடம் தொடங்கும் இடத்தில் முகுளம் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் வேகஸ் நரம்புதான் பிரேக். மூச்சை இழுக்கும்போது முகுளம் பிரேக்கைத் தளர்த்தும், விடும்போது மிதிக்கும். மாற்று இதயம் பொருத்தும்போது இந்த நரம்பு அறுபட்டுவிடும். அதனால்தான் மாற்று இதயம் பொருத்தியவர்களுக்குச் சும்மா படுத்திருந்தாலே 90, 100 என்று ஓடும்.

மனசும் இதில் சேர்த்திதான். பயத்தைக் கிளப்பும் அமிக்டலாவுக்கும், அதை அடக்கிப் பார்க்கும் நெற்றிப் பக்கத்து மூளைக்கும் முகுளத்தோடு தொடர்பு உண்டு. பயந்துபோய்ப் படுப்பவரின் ஈசிஜி பட்டையில் வேகம் கூடியிருக்கும், இடைவெளிகளும் ஒரே அளவாகியிருக்கும். ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, ஊர் எது என்று விசாரித்துவிட்டு மறுபடி எடுத்தால் தாளம் தளர்ந்திருக்கும். (மூச்சோடு சேராமல் தாறுமாறாகத் துடிப்பது வேறு சங்கதி. அதற்கு டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.)

பையன் சட்டை மாட்டும்போது அப்பா, “அப்படியே எனக்கும் ஒண்ணு எடுத்துடுங்க” என்றார். 14 வருஷச் சர்க்கரை. துடிப்பு 96. பட்டையில் இடைவெளிகள் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. டாக்டரிடம் காட்டினேன். மூச்சுப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். எடின்பரோவில் டேவிட் யூயிங்கும் சகாக்களும் பல வருஷங்களுக்கு முன்பே முறைப்படுத்திய பரிசோதனை அது. ஐந்து விநாடி இழுத்து, ஐந்து விநாடி விட்டு, நிமிஷத்துக்கு 6 மூச்சு. இழுக்கும்போதும் விடும்போதும் உள்ள வேகத்துக்கு 15 துடிப்பாவது வித்தியாசம் இருந்தால் நல்லது. 10 அல்லது அதற்குக் கீழே என்றால் நரம்பு கெட்டிருக்கலாம். வயதாக ஆக வித்தியாசம் குறையும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இவருக்கு வந்தது 4.

சர்க்கரை பாத நரம்பை அரிப்பது எல்லாருக்கும் தெரியும். இதயத்துக்குப் போகும் நரம்பையும் அரிக்கும் என்பதை யாரும் பேசுவதில்லை. அது கெட்டால் நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வந்துபோகலாம். மாரடைப்பிலிருந்து தப்பிய 808 பேரைத் தொடர்ந்து கவனித்து, துடிப்பு இடைவெளியில் மாற்றம் மிகக் குறைந்தவர்களிடையே சாவு, மாற்றம் அதிகம் உள்ளவர்களைவிட 5 மடங்குக்கு மேல் என்று கிளைகர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் எழுதியது 1987இல்.

இன்று கையில் வாட்ச் கட்டியவர்கள் தினமும் காலையில் இந்த இடைவெளி மாற்றத்தின் எண்ணைப் பார்த்து மனசை உலைத்துக்கொள்கிறார்கள். என் மச்சினனுக்கு 38, அவன் நண்பனுக்கு 61, அதற்கு ஒரு சோகம். ஆப்பிள் போடும் கணக்கு வேறு, ஃபிட்பிட் போடும் கணக்கு வேறு என்று சொன்னால் கேட்பதில்லை. வாட்ச் இருக்கிறவன் எண்ணைப் பார்த்துக் கவலைப்படட்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஈசிஜி எடுக்க வரும் சர்க்கரைக்காரர்களை மட்டும் அந்த மூச்சுப் பரிசோதனைக்காக இன்னும் ஒரு நிமிஷம் ஏன் படுக்க வைக்கக் கூடாது? அதே மெஷின், அதே கிளிப். விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு நிமிஷத்துக்கு ஒன்றரை மீட்டர் பேப்பர் கூடுதலாகும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதைக் கேட்டதற்கு, “பேப்பர் வீணாகும்ப்பா” என்றார்கள். அந்த ரோலின் முனையைக் கிழித்துத்தான் டீ, வடைக் கணக்கு எழுதுவார்கள்.

டாக்டர் எழுதிய புதுச் சீட்டோடு அப்பா எழப் போனார். “சட்டுனு எந்திரிக்காதீங்கண்ணே, கட்டில் ஓரத்துல கொஞ்சம் உட்காருங்க” என்றேன். உட்கார்ந்தவர் என்னைப் பார்த்தார். “எந்திரிச்சா கிறுகிறுன்னு வரும் தம்பி. மூணு வருஷமா பித்தம்னு நெனச்சு இஞ்சிச் சாறு குடிச்சுட்டிருக்கேன்.”